நாலு மணிக்குப் போகும் நெட்

மழை இன்னும் சரியாகப் பிடிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவுக்கு மேலே ஒரே ஓர் இடி இடித்தது. எதிர்வீட்டு டிவி போயிற்று, தெருமுனை மளிகைக் கடையின் ஃபிரிட்ஜ் போயிற்று, எங்கள் வீட்டு நெட் பெட்டி பாதி போயிற்று. பாதி என்று சும்மா சொல்லவில்லை. பெட்டியில் விளக்கு எரிந்தது. பின்னால் வயரைச் செருகினால் நெட் வந்தது. வைஃபை மட்டும் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தபோது, ஊரில் நிறைய வீடுகளில் இதே கதைதான், புதுப் பெட்டி வர இரண்டு வாரமாவது ஆகும் என்றார்கள்.

எனக்கு அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு பாடநூல் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவள் நான். லேப்டாப்பில் வயரைச் செருகிக்கொண்டால் என் வேலை ஓடிவிடும். என் வீட்டுக்காரர் முன்னறையில் தறி நெய்கிறார். அவருக்கு நெட் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் பார்க்கும் கிரிக்கெட்தான், ஒரு வாரம் பார்க்காவிட்டால் குடி முழுகிவிடாது. கஷ்டம் வந்தது பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு.

எங்கள் வீட்டின் பின்பக்கமும் அடுத்த தெரு வீட்டின் பின்பக்கமும் ஒரே சுவரில் முடிகின்றன. சுவர் என் தோள் உயரம். அந்த வீட்டுக்கு ஆற்காட்டிலிருந்து மருமகளாக வந்தவள் அவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவர் பெங்களூரில் ஜவுளிக் கடை ஒன்றில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவள் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்வாள். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி மாதிரி வளைந்த ஊசியால் மேலேயும் கீழேயும் குத்தி, மயிலும் மாங்காயும் பூவும் போடுவாளே, அந்த வேலை. இந்த ஊரில் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்கள் அதே கையோடு ஜாக்கெட்டுக்கும் ஆள் தேடுவார்கள். அவளுக்கு வேலை குறைந்ததே இல்லை.

அவள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மாடிவீடுகள். போன் டவர் உள்ளே நுழையாது. அதனால் ஒரு வருஷமாக எங்கள் வைஃபைதான் அவளுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரத்தில் சுவருக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

“அக்கா, நெட் வரவே இல்லக்கா. நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு கிளாஸ்.”

“இன்னா கிளாஸ்மா?”

“நான் எடுக்கற கிளாஸுக்கா! எட்டுப் பேரு சேர்ந்துக்கினு இருக்காங்க. போன்லயே ஆரி சொல்லித் தர்றேன்னு ஒத்துக்கினேன். பத்து நாள்.”

யாரிடமும் சொல்லாமல் இவ்வளவு பெரிய காரியத்தைத் தொடங்கிவிட்டிருந்தாள். திண்டுக்கல்லில் ஒருத்தி, கோயம்புத்தூரில் ஒருத்தி, துபாயில் ஒருத்தி என்று எட்டு ஊர்களில் எட்டுப் பெண்கள் ஊசியும் நூலும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நடக்காவிட்டால் கேலி செய்வார்கள் என்று வீட்டில்கூட முந்தின நாள்தான் சொன்னாளாம்.

எனக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் என்று ஒரு பொத்தான் உண்டு. வயர் வழியாக உள்ளே வரும் நெட்டை லேப்டாப்பே வைஃபையாக மாற்றி வெளியே விடும். நான் அதைத் தொட்டதே இல்லை. ஆனாலும் “அதுக்கு இன்னா, என் லேப்டாப்ல இருந்து குடுத்துடறேன்” என்று ரொம்பத் தெரிந்தவள் மாதிரி சொல்லிவிட்டேன். அன்றைக்கே போட்டும் பார்த்தோம். அவள் போனில் நெட் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கைதட்டிய சத்தம் எங்கள் முன்னறை வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கிளாஸ் ஆரம்பித்தது. நாலு பத்துக்கு அடுப்பில் பால் வைக்கப் போனேன். போகும்போது, மேலே தூசி படக்கூடாது என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் போனேன்.

“அக்கா! போயிடுச்சுக்கா!”

ஓடிவந்து திறந்தேன். மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், அதோடு ஹாட்ஸ்பாட்டும் தூங்கிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீதி நேரம் முழுக்க வேறு எதையும் தொடாமல், லேப்டாப்பைத் திறந்து வைத்து, அதன் எதிரிலேயே காவல் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோயிருந்தது தனி விஷயம்.

செவ்வாய்க்கிழமை உஷாராக மூன்றரை மணிக்கே ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வைத்தேன். நாலு மணிக்கு அவள் போனில் அந்தப் பெயரையே காணோம். யாரும் சேரவில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அணைந்துவிடுமாம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு சிக்கனம் கிடையாது. அமைப்புகளுக்குள் போய்த் துழாவி அந்தச் சிக்கனத்தை நிறுத்தினேன். அன்றைக்கும் கடைசிவரை காவல்தான்.

புதன்கிழமை படம் துண்டு துண்டாக உடைந்தது. நடுஅறையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து அவள் வீட்டுக்குள் போய்ச் சேருவதற்குள் வைஃபை களைத்துவிடுகிறது என்று முடிவு செய்தோம். கடைத்தெருவில் நீளமான மஞ்சள் வயர் ஒன்று வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் அதைச் சுவரோரமாக இழுத்து, ஆணிகளில் தறிக்கழிவுப் பட்டு நூலால் அங்கங்கே கட்டி, சமையலறையின் பின்வாசல் வரை கொண்டுவந்தார். அங்கே மாவரைக்கும் கிரைண்டர் மேல் ஒரு பலகை போட்டு, அதன்மேல் லேப்டாப். பின்சுவர் நாலடி தூரத்தில். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

“பெரிய ஆபீஸு மாதிரி இருக்குது” என்றார் அவர்.

வியாழக்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. வைஃபையில் நாலு கோடும் முழுசாக இருந்தன. படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அவள் குரல் சுவர் வழியாகவே எனக்குக் கேட்டது: “ஊசிய நேரா புடிங்க, சாய்க்காதீங்க. கீழ நூலு, மேல ஊசி.” முதல் நாள் நடுங்கிய குரல் இப்போது நிமிர்ந்திருந்தது. மூன்று நாளாகக் காவல் காத்ததில் என் வேலை தேங்கிக் கிடந்தது. இன்றைக்குப் பயமில்லை என்று பதினைந்து நிமிஷம் கழித்து என் ஆபீஸ் வேலையைத் திறந்தேன். ஒரு பக்கம்கூடத் திருத்தியிருக்க மாட்டேன்.

“அக்கா!”

இந்தத் தடவை வந்தது வேறு மாதிரி நோய். லேப்டாப் தூங்கவில்லை. ஹாட்ஸ்பாட் அணையவில்லை. அவள் போனில் வைஃபை முழுசாக இருந்தது. அதற்குக் கீழே ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று எழுதியிருந்தது. என் லேப்டாப்பிலோ நெட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வருகிறது, என்னிடமிருந்து அவளுக்குப் போகவில்லை. நான் பதறி, என் வேலையை எல்லாம் மூடிவிட்டு லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வந்துவிட்டது. ஆனால் அதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. அந்தக் கால் மணி நேரமும் எட்டுப் பேர் திரையிலும் அவள் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றிருக்கிறாள். துபாய்ப் பெண் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கொட்டாவி விடும் பூனை மாதிரி இருந்தது. அவள் அதை என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு அடங்கி, “இப்படியே போனா இன்னாக்கா பண்றது?” என்றாள்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்து நான் ஒரு குற்றவாளியைப் பிடித்தேன். வயரின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. அதனால் வயர் லேப்டாப்பில் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளாமல் தொளதொளவென்று இருந்தது. முன்னறையில் தறிப்பலகை அடிக்கும்போது வீடே லேசாக அதிரும்; எங்களுக்கு அது பழகிப்போய்த் தெரியாது. கிரைண்டர் மேலிருக்கும் லேப்டாப்புக்குத் தெரியுமே. ஒவ்வொரு அடிக்கும் வயர் மயிரிழை நகர்ந்து நெட் அறுகிறது. இதை விடிந்ததும் அவரிடம் சொன்னேன்.

“ஆக, என் தறிதான் காரணம்ன்றே.”

“நாலுல இருந்து அஞ்சரை வரைக்கும் நிறுத்துங்க. அவ்ளோதான் கேக்கறேன்.”

“முப்பது வருஷமா நெய்றேன். தறிய நிறுத்தச் சொல்லி யாரும் சொன்னதில்ல, மழ வெள்ளத்தத் தவிர.”

ஆனாலும் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தறிக்குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, கிளாஸ் முடியும்வரை வாசலில் போகிற வருகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவில் போனவர்கள் எல்லோரும் “இன்னாபா, உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் கதையை முதலிலிருந்து சொன்னார். தெருவுக்கே தெரிந்துபோனது, எங்கள் வீட்டு நெட்டுக்காகத் தறி நிற்கிறது என்று.

நாலு இருபதுக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “யா அல்லா” என்று சத்தம் வந்தது. மறுபடியும் போய்விட்டது.

வாசலிலிருந்து அவர் குரல்: “இப்ப எந்தத் தறி ஓடுது?”

 லேப்டாப்பில் ‘சிக்கலைக் கண்டறி’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ‘சிக்கல் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்றது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

“மேடம், உங்க லேப்டாப்ல நெட் வருதுங்களா?”

“வருதுமா.”

“அப்போ நெட் வருது மேடம்.”

“அதுல இருந்து பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டேங்குது.”

“பக்கத்து வீட்டுல நம்ம கனெக்‌ஷன் இருக்குங்களா மேடம்?”

வைத்துவிட்டேன். மறுபடியும் எல்லாவற்றையும் மூடி, அணைத்துப் போட்டதும் நெட் வந்தது. ஆனால் அன்று கிளாஸ் முடிந்ததும் கோயம்புத்தூர்ப் பெண் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தாள்: டீச்சர் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், ஆனால் நெட் இப்படியே இருந்தால் தான் விலகிக்கொள்வதாக. பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். “திங்கக்கிழமைல இருந்து ஆற்காட்டுக்கே போயிடலாம்னு பாக்கறேன்க்கா. அம்மா வீட்ல மாடில டவர் நல்லா இருக்குது. சட்டத்த பஸ்ல எடுத்துக்கினு போவணும், அதான்.”

அந்தச் சட்டம் ஒரு கட்டில் நீளம். அதைப் பஸ்ஸில் ஏற்றுவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கொடுத்த நெட், நான் சொன்ன வாக்கு. ஒரு நோட்டை எடுத்து எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எல்லாவற்றையும் எழுதினேன். பிழை திருத்துகிறவள், எழுதிப் பார்த்தால் எனக்கு எந்தத் தப்பும் தெரிந்துவிடும் என்று ஒரு திமிர். ஒன்றும் தெரியவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. தறி குற்றமற்றது என்று நிரூபணமானதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உடைந்த நாக்கை அவர் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கத்தரிப்பூ நிறப் பட்டு இழை ஒன்றை எடுத்து வயரின் முனையைச் சுற்றி, லேப்டாப்பின் ஓரத்தோடு இறுக்கி, தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை நெட் ஒரு நொடிகூடப் போகவில்லை.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்தரைக்குச் சுவருக்கு மேலே அவள் முகம் மலர்ந்து வந்தது. “அண்ணா, உங்க முடிச்சு ஜோருண்ணா!” கோயம்புத்தூர்ப் பெண் விலகவில்லை என்று எழுதிவிட்டாளாம். அவர் பெரிய மனுஷத்தனமாகக் கையை ஆட்டி, “அது ஒண்ணும் இல்லமா, பாவுல ஆயிரக்கணக்குல இழை இருக்குது, அதயே புடிச்சு வைக்கிறோம், இது ஒத்த வயரு” என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் கம்ப்யூட்டர் இன்ஜினியர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நாலு பதினேழுக்கு நெட் போயிற்று. முடிச்சு அப்படியே இறுக்கமாக இருந்தது.

அவர் முன்னறைக்குப் போய்விட்டார்.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து “போச்சு போச்சு” என்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை. லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கிளாஸ் எடுத்துப் பார்க்கலாம் என்றாள். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குச் சின்னச் சட்டம் ஒன்றைச் சுவருக்கு மேலாக என்னிடம் கொடுத்துவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசல் வழியாக வந்தாள். என் சமையலறையில், கிரைண்டருக்கு எதிரில் பாய் போட்டு உட்கார்ந்தாள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். நாலு மணிக்கு எட்டு முகங்களும் வந்தன. அவளுக்குப் பின்னால் தெரிந்த என் மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி டப்பாக்களைப் பார்த்துத் திண்டுக்கல் பெண், “டீச்சர், இன்னிக்குச் சமையல் கிளாஸா?” என்றாள்.

கிளாஸ் நன்றாகப் போயிற்று. நாலே கால் ஆனதும் நான் ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் என் வேலையைத் திறந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போவதற்குத் தனியாக ஒரு வழி உண்டு, வி.பி.என். என்பார்கள். அதைத் திறந்து, போனுக்கு வரும் எண்ணைப் போட்டால், ஒரு சின்னப் பூட்டுப் படம் பச்சையாகும். பச்சையாயிற்று.

அவள் ஊசியை அந்தரத்தில் நிறுத்தினாள். போனைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, இப்ப இன்னா பண்ணீங்க?”

“நானா? ஒண்ணும் பண்ணலயே.”

“இல்லக்கா. இன்னாவோ அமுக்குனீங்க. நான் பாத்தேன்.”

“ஆபீஸுக்குள்ள போனேன்மா. தெனமும் போறதுதான்.”

“அதுலருந்து வெளிய வாங்க.”

வந்தேன். எட்டு முகங்களும் அசைந்தன. “டீச்சர், வந்துட்டீங்க!”

“இப்ப போங்க.”

பூட்டு பச்சையானது. முகங்கள் உறைந்தன.

“வாங்க.”

“வந்துட்டீங்க டீச்சர்!”

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். “அக்கா, சனிக்கிழம நெட்டு ஏன் போவலன்னு தெரியுதா? உங்களுக்கு ஆபீஸு லீவு! அண்ணாவோட முடிச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க என்னப் பாத்துக்கினு உக்காந்திருந்தா நெட்டு இருக்குது. நீங்க வேலைக்கு உக்காந்தா நெட்டு போயிடுது!”

நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, வெயிலா மேகமா, தறி ஓடியதா நின்றதா என்பதுவரை எழுதியிருந்தேன். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை. நெட் போனதும் பதறி முதல் காரியமாக என் வேலையை மூடுவேன், அப்புறம் அணைத்துப் போடுவேன், வரும். அணைத்துப் போட்டதால் வந்தது என்று நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடநூலில் ஒற்று மிகுந்தாலும் விடாமல் பிடிக்கிறவளுக்கு, தன் கை போகிற இடம் கண்ணில் படவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எட்டுப் பேரிடமும் விஷயத்தைச் சொல்லி, இன்னும் இரண்டு தடவை சோதித்தோம். நான் உள்ளே போவேன், வெளியே வருவேன். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் எட்டு ஊர்ப் பெண்களும் கைதட்டினார்கள். சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து அவர் வந்து நிலைப்படியில் நின்றார். முழுக்கதையையும் அவளே சொன்னாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்போ வாசல்ல உக்கார வச்சியே என்ன. தெருவே உடம்புக்கு இன்னான்னு கேட்டுச்சு.”

“காபி போடறேன்” என்றேன்.

“ரெண்டு டம்ளரா போடு.”

மறுநாள் காலையில் என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். என்னைவிட இருபது வயது சின்னவர். பக்கத்து வீட்டுக்கு நெட் கொடுத்தது, ஜாக்கெட், மயில், மாங்காய் எல்லாம் சொன்னதில் அவருக்குப் பாதி புரிந்திருக்கும். ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். “மேடம், அந்தப் பூட்டு போட்டா லேப்டாப்ல இருந்து வேற யாருக்கும் நெட் போகாதாம். அதைத் தடுக்கறதுதான் அதோட வேலையே. ரிப்பேர் இல்ல மேடம், கரெக்டாத்தான் வேலை செய்யுது.”

எல்லாமே கரெக்டாக வேலை செய்துகொண்டிருந்தன. பெட்டி, வயர், லேப்டாப், பூட்டு, தறி, முடிச்சு. இப்படி ஒரு பத்து நாள் எனக்கு வாய்த்தது. நான் நாலிலிருந்து ஐந்தரை வரை வேலை செய்யாமல், அதற்குப் பதில் காலையில் ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடலாமா என்று கேட்டேன். “தாராளமா மேடம்” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “அந்த கிளாஸ்ல இன்னும் இடம் இருக்கா? என் வொய்ஃப் ரொம்ப நாளா கத்துக்கணும்னு சொல்லிட்டு இருக்காங்க” என்றார்.

மீதி நாட்களில் அவள் தன் வீட்டிலிருந்தே கிளாஸ் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. என் சமையலறையிலேயே எடுத்தாள். இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். நாலு மணிக்கு எனக்கு வேறு வேலை இல்லை. லேப்டாப்பை வெறுமனே பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? புதன்கிழமை அவளே ஒரு துண்டுத் துணியைச் சட்டத்தில் கட்டி, ஊசியை என் கையில் கொடுத்தாள். “சங்கிலித் தையல் போடுங்கக்கா. ஊசிய சாய்க்காதீங்க.” நான் சாய்த்தேன். நூல் அறுந்தது. மறுபடி கோத்துக் கொடுத்தாள். முதல் நாள் முடிவில் நான் போட்ட கோடு, மழையில் நனைந்த எறும்பு வரிசை போல இருந்தது. எட்டுப் பேரும் தங்கள் துணிகளைப் போனுக்கு நேராகக் காட்டியபோது என்னுடையதையும் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். ரொம்ப மரியாதையாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாளான வியாழக்கிழமை ஒரு காரியம் நடந்தது. கிளாஸ் பாதியில் இருக்கும்போது நெட் கம்பெனி ஆள் ஏணியோடு வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் புதுப் பெட்டி. சொன்ன நாளைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

“பழசக் கழட்டி இதப் போடணும்மா. அரை மணி நேரம் நெட் இருக்காது.”

உள்ளே போன் திரையில் திண்டுக்கல் பெண் தன் மயிலுக்குக் கடைசி ஜமிக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அஞ்சரை வரைக்கும் பொறுத்துக்க முடியுமா?” என்றேன். இன்னும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று முகத்தைச் சுளித்தார். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போனுக்குள் இருக்கும் யாரிடமோ, “கழுத்துக்கிட்ட வரும்போது மெதுவா, அங்கதான் எல்லாரும் பாப்பாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சட்டத்தில் இருந்த மயிலைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தரை மணி வரை அசையவில்லை. கிளாஸ் முடிந்ததும் முதல் காரியமாகத் தன் போனைத் திறந்து ஒரு மாம்பழ நிறச் சேலையின் படத்தை அவளிடம் காட்டினார். தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணமாம். “இதுக்குப் போட முடியுமாமா?” என்றார். அவள் சேலையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பச்சைல போடலாம்ணா, பாசிப் பச்சை இல்ல, கிளிப் பச்சை” என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் ஏணியைச் சாய்த்தார்.

இப்போது அவளுக்கு மூன்றாவது குழு நடக்கிறது. என் மேலதிகாரியின் மனைவி இரண்டாவது குழுவில் கற்றுக்கொண்டு, முதல் ஜாக்கெட்டையும் முடித்துவிட்டார். நான் இன்னும் பழைய மாணவிதான். நாலு மணி ஆனால் சட்டத்துக்கு முன்னால் போய் உட்காருகிறேன். ஐந்து மாதம் உழைத்து ஒரு ஜாக்கெட்டின் இரண்டு கைகளிலும் மாங்காய் வரிசை போட்டு முடித்தேன். போன வாரம் என் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் கையைத் தொட்டுப் பார்த்தார்கள், எங்கே வாங்கினாய் என்றார்கள், நானே போட்டது என்று சொன்னபோது நம்பவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இன்னாங்க?”

“வலது கைல ஏழு மாங்கா இருக்குது. இடது கைல ஆறு.”

நான் எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

“வேற யாருக்கும் தெரியல” என்றேன்.

“தெரியாது” என்று அவரும் ஒத்துக்கொண்டார். “நல்லாத்தான் இருக்குது.”